யார்க்ஷயர் புட்டிங்: கொழுப்பு புகையட்டும், ஓவன் கதவு மூடியிருக்கட்டும்

புட்டிங் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்குச் சர்க்கரைப் பாகு வழியும் இனிப்புதான் கண்முன் வரும். வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், லீட்ஸ், யார்க், ஹல் போன்ற ஊர்களில் அந்தச் சொல்லைக் கேட்பவர்களுக்கு நாவில் ஊறுவது வேறு சுவை. மைதா, முட்டை, பால், உப்பு. பொருள்கள் இவ்வளவுதான். ஈஸ்ட் இல்லை, சோடா உப்பு இல்லை, புளிக்க வைப்பதும் இல்லை. தோசை மாவைவிட நீர்த்த இந்தக் கரைசலைப் புகையும் கொழுப்பில் ஊற்றி ஓவனுக்குள் தள்ளினால், இருபத்தைந்து நிமிடத்துக்குள் பொன்னிறக் கிண்ணங்களாக எழுந்து நிற்கிறது. விளிம்பு நொறுங்கும், அடிப்பகுதி ஆப்பத்தின் நடுவைப் போல மெத்தென்றிருக்கும். அந்தக் குழியில் கிரேவியை, அதாவது மாவு சேர்த்துக் காய்ச்சிய இறைச்சிச் சாறை, நிரப்பிச் சாப்பிட வேண்டும்.

லீட்ஸுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் நான் சுட்டவை எல்லாம் ரப்பர் வில்லைகள்போல வந்தன. முட்டையைக் கூட்டிப் பார்த்தேன், பாலைக் குறைத்துப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பாட்டி என் சமையலறைக்கு வந்து நின்றார். மாவுப் பாத்திரத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓவனைத் திறந்து, தட்டில் இருந்த கொழுப்பைக் குனிந்து பார்த்தார். "மாவில் குற்றமே இல்லை, லவ். கொழுப்பு இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது" என்றார். அந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாதவரைக்கூட 'லவ்' என்றுதான் அழைப்பார்கள். பத்து நிமிடம் காத்திருக்கச் சொன்னார். தட்டிலிருந்து மெல்லிய நீலப்புகை கிளம்பிய பிறகே மாவை ஊற்றவிட்டார். 'சொய்ங்' என்று எழுந்த அந்தச் சத்தத்தை அதற்கு முன் என் சமையலறையில் நான் கேட்டதில்லை. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அந்தச் சத்தமே அளவுகோல்.

தீக்கு முன்னால் பிறந்த பண்டம்

ஓவன் இல்லாத காலத்தில் இறைச்சியைக் கம்பியில் கோத்து, எரியும் தீயின் முன் சுழலவிட்டு வாட்டினார்கள். அதிலிருந்து சொட்டும் கொழுப்பை வீணாக்க மனமில்லாமல் கீழே ஒரு தட்டில் மாவுக் கரைசலை வைத்தார்கள். 1737இல் வெளியான ஒரு சமையல் நூலில் இது சொட்டுக் கொழுப்பின் பெயரால் 'டிரிப்பிங் புட்டிங்' என்றே வருகிறது. பத்தாண்டுகள் கழித்து, 1747இல், ஹன்னா கிளாஸ் தம் புகழ்பெற்ற சமையல் நூலில் இதை யார்க்ஷயரின் பெயரால் அச்சேற்றினார். அன்றைய புட்டிங் தட்டையானது. சதுரமாக வெட்டிப் பரிமாறுவார்கள். நான்கு பக்கமும் சூடு சூழும் ஓவன் வந்த பிறகுதான் இன்று நாம் காணும் உயரம் வந்தது. 2008இல் பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம், 4 அங்குல உயரமாவது எழாததை யார்க்ஷயர் புட்டிங் என்று சொல்லக் கூடாது என்று அறிவித்தது. அந்த அளவுக்கு இது அங்கே மானப் பிரச்சினை.

இன்று உலகெங்கும் உணவகங்கள் ரோஸ்ட் பீஃப் (ஓவனில் வாட்டிய மாட்டிறைச்சி) தட்டின் ஓரத்தில் இதை ஒரு துணைப்பண்டமாக வைத்துவிடுகின்றன. பழைய யார்க்ஷயர் வீடுகளில் இதுதான் முதல் பந்தி. இறைச்சி விலை அதிகம், மாவு மலிவு. ஆகவே கிரேவியில் குளித்த பெரிய புட்டிங் துண்டு முதலில் வரும். வயிறு பாதி நிறைந்த பிறகே இறைச்சி வரும். 'யார் அதிகம் புட்டிங் சாப்பிடுகிறாரோ அவருக்கே அதிக இறைச்சி' என்று பிள்ளைகளிடம் சொல்வார்களாம். அத்தனை புட்டிங்கையும் தின்ற பிள்ளைக்கு இறைச்சிக்கு எங்கே இடம் இருக்கும்! வறுமை கற்றுக்கொடுத்த உத்தி என்றாலும், புட்டிங்கைத் தனியாக, முதலில், சுடச்சுடச் சாப்பிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. பத்துப் பண்டங்களோடு ஒரே தட்டில் கிடந்தால் அதன் நொறுநொறுப்பு ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

ஏன் எழுகிறது?

பூரி ஏன் உப்புகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரிந்ததுதான். காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் மாவிலுள்ள நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றி மேல்தோலைத் தூக்குகிறது. இங்கேயும் தூக்குவது நீராவிதான். கொழுப்பின் சூட்டில் கரைசலின் அடியும் ஓரமும் உடனே இறுகுகின்றன. நடுவில் இருப்பது இன்னும் நீராகவே இருக்கிறது. அதில் கிளம்பும் ஆவி, மைதாவின் பசைத்தன்மையும் முட்டையின் புரதமும் சேர்ந்து நெய்த சவ்வை ஊதிப் பெரிதாக்குகிறது. பிறகு சூட்டில் முட்டை இறுகி அந்த வடிவத்தை நிறுத்திவைக்கிறது.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் விளங்கும். கரைசல் நீர்த்திருக்க வேண்டும், இல்லையேல் ஆவி போதாது. முட்டை தாராளமாக இருக்க வேண்டும், இல்லையேல் சுவர் நிற்காது. தொடக்கச் சூடு கடுமையாக இருக்க வேண்டும், இல்லையேல் ஓரம் இறுகுவதற்குள் எல்லாம் ஒன்றாக வெந்து அடையாகிவிடும்.

பொருள்களும் அளவும்

12 குழி மஃபின் தட்டுக்கு:

- முட்டை 4
- மைதா சுமார் 140 கிராம்
- பால் 200 மில்லி
- உப்பு அரைத் தேக்கரண்டி
- குழிக்கு 1 தேக்கரண்டி கொழுப்பு அல்லது எண்ணெய்

பிரிட்டனின் பெரிய முட்டையும் நம் ஊர்க்கடை முட்டையும் ஒரே எடை இல்லை. அதனால் தராசைவிட டம்ளர் அளவு நம்பகமானது. முட்டைகளை ஒரு கண்ணாடி டம்ளரில் உடைத்து ஊற்றுங்கள். எந்த மட்டம் வரை நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதே கோடு வரை மைதா, அதே கோடு வரை பால். முட்டை சிறியதோ பெரியதோ, கணக்கு தவறாது. யார்க்ஷயரில் பல வீடுகளில் இந்த முறைதான் வழக்கம்.

பாலில் கால் பங்கைக் குறைத்துத் தண்ணீர் சேர்த்தால் ஓரம் இன்னும் மொறுமொறுப்பாகும். முழுப் பாலில் செய்தால் சுவை கூடும், உள்ளே மெத்தென்றிருக்கும். நான் முக்கால் பால், கால் தண்ணீர். மைதா சாதாரண மைதாவாக இருக்க வேண்டும். பேக்கிங் பவுடர் முன்பே கலந்து விற்கும் மாவில் செய்தால் கேக் போலப் பொரபொரத்துவிடும்.

கொழுப்பில் பாரம்பரியம் என்றால் மாட்டுக்கொழுப்பு. பீஃப் டிரிப்பிங் என்று கட்டியாகக் கடையில் கிடைக்கும். பன்றிக்கொழுப்பு, வாத்துக்கொழுப்பு இரண்டும் நன்றாக வரும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கு ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் எந்தக் குறையும் வைக்காது. நெய்யும் இந்தச் சூட்டைத் தாங்கும். வெண்ணெய் மட்டும் வேண்டாம். அதிலுள்ள பால்பொருள் கருகிக் கசக்கும். செக்கில் ஆட்டிய எண்ணெய்களும் ஆலிவ் எண்ணெயும் இவ்வளவு சூட்டுக்கு உகந்தவை அல்ல.

தட்டு உலோகமாக இருக்கட்டும். கண்ணாடி மெதுவாகச் சூடேறும். சிலிக்கோன் அச்சு சூட்டைச் சரியாகக் கடத்தாது.

செய்முறை

1. அகலமான பாத்திரத்தில் மைதாவையும் உப்பையும் போட்டு நடுவில் குழி பறியுங்கள். முட்டைகளை அதில் உடைத்து ஊற்றி, நடுவிலிருந்து வெளிநோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மாவை இழுத்துக் கெட்டியாகக் கலக்குங்கள். கட்டிகளை உடைக்க வேண்டிய கட்டம் இதுதான். பால் முழுவதையும் ஊற்றிய பிறகு கட்டிகள் நழுவி ஓடும், அகப்படாது.

2. பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரையுங்கள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் பாலேடு போல இடைவிடாமல் வழிய வேண்டும். கட்டி மிஞ்சியிருந்தால் வடிகட்டிவிடுங்கள்.

3. மூடி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். அரைமணி நேரம் கட்டாயம். ஓர் இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் இருந்தால் இன்னும் நல்லது. மாவு நீரைக் குடித்து ஊறும், கலக்கும்போது இறுகிய பசை தளரும், சுவையும் ஆழமாகும். மறுநாள் மேலே சாம்பல் நிறம் படர்ந்திருந்தால் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். ஒருமுறை கலக்கினால் சரியாகிவிடும்.

4. ஓவனை 220 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றுங்கள். விசிறி உள்ள ஓவன் என்றால் 200 போதும். ஒவ்வொரு குழியிலும் ஒரு தேக்கரண்டி கொழுப்பை விட்டு, தட்டை உள்ளே வைத்து 10 முதல் 15 நிமிடம் காயவிடுங்கள். சிறிய மேசை ஓவனில் சூட்டுமானி காட்டுவதற்கும் உள்ளே இருப்பதற்கும் அடிக்கடி வேறுபாடு இருக்கும். அங்கே நிமிடக் கணக்கை நம்பாமல் புகையைப் பாருங்கள்.

5. தோசைக்கல் காய்ந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கிறோம் அல்லவா, அதேபோல ஒரு சொட்டு மாவைக் குழியில் விடுங்கள். விழுந்த கணமே சீறி, ஓரம் நுரைத்து, மிதந்து மேலே வர வேண்டும். அடியில் போய் அமைதியாகப் படுத்தால் கொழுப்பு தூங்குகிறது. கதவை மூடிவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள்.

6. மாவை மூக்குள்ள ஜாடியில் ஊற்றித் தயாராக வைத்திருங்கள். தட்டை வெளியே எடுத்துச் சமதளத்தில் வையுங்கள். குழியில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, கை தயங்காமல் வரிசையாக ஊற்றுங்கள். 12 குழிக்கும் சேர்த்து அரை நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. ஆகும் ஒவ்வொரு நொடியும் சூடு இறங்குகிறது. காய்ந்த கொழுப்பு தெறித்தால் தோல் வெந்துவிடும். கனமான கையுறை அணியுங்கள், குழந்தைகளை அந்த இரண்டு நிமிடம் சமையலறைக்கு வெளியே நிறுத்துங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

7. உடனே உள்ளே தள்ளிக் கதவை மூடுங்கள். 20 முதல் 25 நிமிடம். முதல் 20 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. பத்தாவது நிமிடத்தில் அவை மளமளவென்று எழுவது கண்ணாடி வழியே தெரியும். அப்போதுதான் திறந்து பார்க்கும் ஆசை வரும். சுவர்கள் இன்னும் இறுகவில்லை, குளிர்காற்று பட்டால் உள்ளிருக்கும் ஆவி சுருங்கி எல்லாம் படுத்துவிடும்.

8. ஓரம் ஆழ்ந்த பொன்னிறத்துக்கு வந்ததும் எடுத்துவிடத் தோன்றும். இன்னும் மூன்று நிமிடம் விடுங்கள். வெளிர் மஞ்சளாக எடுத்தவை தட்டுக்கு வருவதற்குள் தொய்ந்துவிடும். தேக்கு நிறம் வந்தவை நிமிர்ந்து நிற்கும். எடுத்ததும் பக்கவாட்டில் கத்தி முனையால் ஒரு சிறு துளை போட்டால் மிச்ச ஆவி வெளியேறி, உட்சுவர் ஈரமாகாமல் காயும்.

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டோடு செய்பவர்களுக்கு ஒரே ஓவனில் இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்ற கவலை இருக்கும். அதற்கு இறைச்சியே வழிவிடுகிறது. ஓவனிலிருந்து எடுத்த இறைச்சியை வெட்டுவதற்கு முன் அரைமணி நேரம் மூடி ஆறவிட வேண்டும். இல்லையேல் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். அந்த அரைமணியில்தான் ஓவனின் சூட்டைக் கூட்டிப் புட்டிங்கை வைக்கிறார்கள். இறைச்சித் தட்டில் தேங்கிய கொழுப்பைக் குழிகளுக்கு எடுத்துக்கொள்ளலாம்; அடியில் ஒட்டிய பழுப்பைச் சுரண்டி, ஒரு கரண்டி மாவு தூவி வறுத்து, சாறு ஊற்றிக் கொதிக்கவிட்டால் கிரேவி. ஓவன், தட்டு, கொழுப்பு எதுவும் வீணாவதில்லை.

டோட் இன் தி ஹோல்

'வளைக்குள் தேரை' என்று பொருள்படும் இந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். இதில் தேரைக்கு வேலையே இல்லை. அதே மாவில் சாசேஜ்களைப் புதைத்துச் சுடும் பண்டம் இது. வார நாள் இரவுகளில் பிரிட்டிஷ் வீடுகளில் இன்றும் நடமாடுவது. 18ஆம் நூற்றாண்டிலேயே பெயர் வழக்குக்கு வந்துவிட்டது. அப்போது கையில் கிடைத்த இறைச்சித் துண்டுதான் உள்ளே போனது. 1861இல் வந்த திருமதி பீட்டனின் சமையல் நூலில்கூட மாட்டிறைச்சியும் ஆட்டுச் சிறுநீரகமுமே இருக்கின்றன. சாசேஜ் நிலைபெற்றது பிற்பாடுதான்.

நான்கு பேருக்கு 8 சாசேஜ் வேண்டும். சேஜ் இலை மணக்கும் லிங்கன்ஷயர் சாசேஜ் இதற்கு மிகப் பொருத்தம். மிளகுக் காரம் பிடிப்பவர்கள் கம்பர்லாண்ட் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். கோழி சாசேஜிலும் சைவ சாசேஜிலும் செய்யலாம், ஆனால் அவை அவ்வளவாகக் கொழுப்பு விடாது. எண்ணெயைக் கூடுதலாக ஊற்றிக்கொள்ள வேண்டும்.

30க்கு 20 சென்டிமீட்டர் உலோகத் தட்டில் 3 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுச் சாசேஜ்களை இடைவெளி விட்டு அடுக்குங்கள். 220 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள், நடுவில் ஒருமுறை புரட்டுங்கள். மேலெல்லாம் பழுத்து, எண்ணெய் புகையத் தொடங்கியதும், முன்பு சொன்ன அதே அளவு மாவில் ஒரு தேக்கரண்டி கடுகு விழுது கலந்து, சாசேஜ்களைச் சுற்றி ஊற்றுங்கள். 30 முதல் 35 நிமிடம். இங்கும் பாதியில் கதவைத் திறக்க வேண்டாம்.

ஓரங்கள் மதில்போல எழும். நடுவில் சாசேஜை ஒட்டிய பகுதி ஈரமாக, தடித்து, கொஞ்சம் கொழகொழப்பாகவே இருக்கும். வேகவில்லையோ என்று பலர் மறுபடி உள்ளே வைத்து ஓரத்தைக் கருக்கிவிடுகிறார்கள். சாசேஜின் சாறு இறங்கிய அந்த மெத்தென்ற பகுதிதான் இந்தப் பண்டத்தின் உயிர். கத்தியை விட்டுப் பாருங்கள். பச்சை மாவு ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது.

இதற்கு வெங்காயக் கிரேவி இல்லாமல் தீராது. மூன்று பெரிய வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கி, ஒரு கரண்டி வெண்ணெயில், சிறு தீயில் வதக்குங்கள். அவசரப்பட்டால் கருகும். 35 நிமிடம் பொறுமையாகக் கிளறினால் ஒரு சட்டி வெங்காயம் ஒரு கைப்பிடியாகச் சுருங்கி, தேன்நிறம் கடந்து பழுப்பாகும். ஒரு மேசைக்கரண்டி மைதா தூவி இரண்டு நிமிடம் வறுத்து, அரை லிட்டர் சூடான இறைச்சிச் சாறோ காய்கறிச் சாறோ ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். இறக்கும்போது சில சொட்டு வூஸ்டர் சாஸ். அதில் புளி சேர்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வெங்காய இனிப்பை அந்தப் புளிப்பு சரியாக வெட்டுகிறது.

எழவில்லை என்றால்

பத்தில் எட்டு முறை காரணம் கொழுப்பின் சூடு. மற்ற காரணங்களைத் தேடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

எழுந்து பிறகு அமுங்கினால் நேரத்துக்கு முன் எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து எழுந்தால் ஓவனில் சூடு ஒரே சீராக இல்லை. அது அழகுக் குறைவே தவிர சுவைக் குறைவில்லை, நான் பொருட்படுத்துவதில்லை. அடியில் எண்ணெய் தேங்கி ஊறியிருந்தால் கொழுப்பு அதிகம், அடுத்த முறை பாதியாக்குங்கள்.

ஒட்டிக்கொள்வதுதான் பெரிய எரிச்சல். புதுத் தட்டில் அது நடக்கும். தோசைக்கல்லைப் பழக்குவது போலவே இதையும் பழக்க வேண்டும். எதிர்வீட்டுப் பாட்டியின் தட்டு அவர் அம்மாவுடையது, கரிபோலக் கறுத்திருக்கும். சோப்பு போட்டுத் தேய்த்ததே இல்லையாம். சூடு ஆறியதும் தாளால் துடைத்து, காயவைத்து எடுத்துவைப்பார். அதில் சுட்ட புட்டிங் கையால் தொட்டாலே வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நானும் ஒரு தட்டை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். அதில் கேக் சுடுவதில்லை.

முட்டை இல்லாமல் செய்ய முடியுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மாற்றுப் பொடிகளிலும் கடலைமாவிலும் முயன்றேன். சுவையான ஏதோ ஒன்று கிடைத்தது, ஆனால் சுவர் எழவில்லை. முட்டைதான் இங்கே தூண்.

சாப்பிடும் முறை

ஆளுக்கு இரண்டு, சூடான தட்டில். குழி நிரம்பி வழியும் அளவுக்குக் கிரேவி ஊற்றுங்கள். மேலே தெளித்து அலங்கரிப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். முதல் வாய்க்கு ஓரத்தை உடைத்துக் கிரேவியில் தோய்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் கிரேவி ஊறிய அடிப்பகுதி. கூட ஏதாவது வேண்டும் என்றால் யார்க்ஷயர் சாலட்: நறுக்கிய லெட்டூஸ், வெங்காயத்தாள், புதினா, வினிகர், ஒரு சிட்டிகை சர்க்கரை. கொழுப்பின் கனத்தை அது குறைக்கும். பப்களில் தட்டளவு பெரிய புட்டிங் ஒன்றைச் சுட்டு, அதன் குழியில் இறைச்சிக் குழம்பை ஊற்றி முழுச் சாப்பாடாகவே தருகிறார்கள். வீட்டில் 20 சென்டிமீட்டர் கேக் தட்டில் மூன்றில் ஒரு பங்கு மாவை ஊற்றினால் அதே வடிவம் வரும். குளிர் இரவுக்கு அதைப் போன்ற சாப்பாடு இல்லை.

மிஞ்சியவை ஆறியதும் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்தால் ஒரு மாதம் இருக்கும். உறைந்த நிலையிலேயே 200 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தால் மறுபடி மொறுமொறுக்கும். மைக்ரோவேவில் வைத்தால் தோலாகிவிடும். உறைபெட்டிவரை போகாமல் தட்டிலேயே ஒன்றிரண்டு மிஞ்சினால், அதற்குப் பழைய யார்க்ஷயர் வழி ஒன்று இருக்கிறது. பாட்டி அதைச் சூடாக்குவதில்லை. சாப்பாடு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு, அடுப்படியில் நின்றபடியே, கிரேவி படாத ஒரு புட்டிங்கின் குழியில் ராஸ்ப்பெரி வினிகர் இரண்டு சொட்டு விட்டு, மேலே சர்க்கரை தூவி, பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டுவார்.